வாலில் ஓ.டி. என்று எழுதிய பி-52: 49-ஆம் சோதனை ஸ்குவாட்ரனுக்கு என்னதான் வேலை?

கழுகுக்கண்

அமெரிக்க விமானப்படையின் பார்க்ஸ்டேல் தளத்து பி-52 குண்டுவீச்சு விமானப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தளம் லூசியானாவில் இருப்பதால் அங்குள்ள விமானங்களின் வாலில் எல்.ஏ. என்று இருக்கும். வடக்கு டகோட்டாவின் மைனாட் தளத்து விமானம் என்றால் எம்.டி. இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு படத்தில் அதே பார்க்ஸ்டேல், அதே பி-52எச், வாலில் மட்டும் ஓ.டி. தேடிப் பார்த்தால் 49-ஆம் டெஸ்ட் அண்ட் எவாலுவேஷன் ஸ்குவாட்ரன் (சோதனை, மதிப்பீட்டுப் படைப்பிரிவு) என்று வருகிறது.

கடைசி பி-52எச் 1962-லேயே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் இன்னும் சோதித்துப் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? அப்படியே இருந்தாலும் சோதனை என்றால் எட்வர்ட்ஸ் தளம்தானே, பார்க்ஸ்டேலில் எதற்குத் தனி ஸ்குவாட்ரன்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

தேநீர்க்கடை

பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு தனி டிபார்ட்மெண்ட் வைத்த மாதிரி இருக்கிறது. பட்ஜெட் இருக்கிற நாடு, செய்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம், வேறென்ன.

எட்டு எஞ்சின்

கழுகுக்கண், எட்வர்ட்ஸ் சோதனைத் தளம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அமெரிக்க விமானப்படையில் சோதனை என்பது இரண்டு தனித்தனி வேலைகள். ஆட்களும் வேறு, அவர்கள் கேட்கிற கேள்வியும் வேறு.

கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸில் இருப்பது 419-ஆம் ஃபிளைட் டெஸ்ட் ஸ்குவாட்ரன். பி-52, பி-1, பி-2 என்ற மூன்று குண்டுவீச்சு விமானங்களுக்கும் உருவாக்கச் சோதனை செய்தவர்கள் அவர்கள். புதிதாக ஒரு பாகத்தைப் பொருத்தினால் இறக்கை அதிருகிறதா, கழன்று விழும் ஏவுகணை திரும்பி வந்து விமானத்தின் வயிற்றில் இடிக்குமா, மென்பொருள் கேட்டதைச் செய்கிறதா என்பதெல்லாம் அவர்கள் பார்ப்பது. 2020 நவம்பரில் பி-1பி-யின் வெளிப்பக்கத்தில் ஒரு வெற்று ஜாஸம் ஏவுகணையை மாட்டிக்கொண்டு பறந்து பார்த்தார்களே, அது 419. அதற்கு முன் 2006 செப்டம்பரில் பி-52-இன் எட்டு எஞ்சின்களில் இரண்டை மட்டும் செயற்கை எரிபொருள் கலவையில் ஓட்டி, அது சரியாக வந்த பிறகு டிசம்பரில் எட்டையும் அதே கலவையில் ஓட்டியதும் அங்கேதான்.

49 அப்படி இல்லை. அது புளோரிடாவின் எக்லின் தளத்தில் தலைமையகம் வைத்திருக்கும் 53-ஆவது விங்கை (பல ஸ்குவாட்ரன்கள் அடங்கிய பெரிய பிரிவு) சேர்ந்தது. ஓ.டி. என்பது அந்த விங்கின் எழுத்து, அதனால்தான் விமானம் நிற்பது பார்க்ஸ்டேலாக இருந்தாலும் வாலில் எல்.ஏ. இல்லை. இதே மாதிரி பி-1-க்கு டெக்சாஸின் டையஸில் 337, பி-2-க்கு மிசௌரியின் ஒயிட்மேனில் 72. இவர்களுடைய கேள்வி ரொம்ப நடைமுறையானது. எட்வர்ட்ஸில் வேலை செய்த கருவி, ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பறந்து, நடுவில் இரண்டு முறை வானிலேயே எரிபொருள் நிரப்பி, கண் எரிய உட்கார்ந்திருக்கிற ஒரு சாதாரணக் குழுவின் கையில் வேலை செய்யுமா? எந்த உயரத்திலிருந்து ஏவினால் நல்லது, எந்த சுவிட்சை எதற்கு அப்புறம் தட்ட வேண்டும், திரையில் இந்த எச்சரிக்கை வந்தால் திரும்பி வருவதா, தொடர்வதா? இதற்கெல்லாம் பதில் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பார்கள். மற்ற பி-52 குழுக்கள் அதைப் படித்துத்தான் பறக்கின்றன.

விமானம் 1962-ஐச் சேர்ந்ததாக இருக்கலாம், அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டரும் அடியில் தொங்கும் ஆயுதமும் 1962-ஐச் சேர்ந்தவை இல்லை. ஒவ்வொன்று மாறும்போதும் மேலே சொன்ன கேள்விகள் முதலிலிருந்து வரும்.

ரிவெட்

எட்டு எஞ்சின் அண்ணே, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் தராசு கொஞ்சம் 49 பக்கம் சாய்கிறது. ஆபத்து முழுக்க எட்வர்ட்ஸில்தான். ஏ.ஜி.எம்-183 ஹைப்பர்சானிக் (ஒலியைவிடப் பல மடங்கு வேகமான) ஏவுகணை என்ன பாடு படுத்தியது என்று பாருங்கள். 2021 ஏப்ரலில் கலிஃபோர்னியக் கடலுக்கு மேல் பி-52-ஐ விட்டு அது கிளம்பவே இல்லை. ஜூலையில் பிரிந்தது, மோட்டார் எரியவில்லை, கடலில் விழுந்தது. டிசம்பரில் மறுபடி கிளம்பவில்லை. 2022 மே மாதம்தான் முதல் தடவை மோட்டார் ஒழுங்காக எரிந்தது, அந்த டிசம்பரில்தான் முழு ஏவுகணையும் போய்ச் சேர்ந்தது. கிளம்பாத ஏவுகணையை இறக்கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து தரையிறங்கியவர்கள் எட்வர்ட்ஸ் ஆட்கள். எல்லாம் சரியாகி வந்த பிறகு புத்தகம் எழுதுவது பெரிய வேலையா?

அப்புறம் அந்தத் தளத்தின் பெயரே ஒரு சோதனை விமானியின் பெயர்தான். 1948 ஜூன் 5-ஆம் தேதி ஒய்பி-49 என்ற வாலில்லாத பறக்கும் இறக்கை உடைந்து விழுந்ததில் கேப்டன் கிளென் எட்வர்ட்ஸும் இன்னும் நான்கு பேரும் இறந்தார்கள். அதுவரை மியூராக் என்றிருந்த தளத்துக்கு 1949 டிசம்பரில் அவர் பெயரை வைத்தார்கள்.

எட்டு எஞ்சின்

ரிவெட் தம்பி, ஆபத்து யாருக்கு அதிகம் என்று கேட்டால் எட்வர்ட்ஸுக்குத்தான், அதை நான் மறுக்கவில்லை. புத்தகம் எழுதுவது பெரிய வேலையா என்று கேட்டாய் பார், அங்கேதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. உன் எட்வர்ட்ஸிலிருந்தே ஒரு உதாரணம் எடுக்கிறேன்.

1984 ஆகஸ்ட் 29. பி-1ஏ-யின் இரண்டாவது மாதிரி விமானம். அதற்கு இறக்கையை முன்னும் பின்னும் நகர்த்தலாம். நகர்த்தினால் எடையின் மையம் இடம் மாற வேண்டும், அதற்குத் தொட்டிகளுக்கு இடையே எரிபொருளை மாற்ற வேண்டும். அன்றைக்குக் குறைந்த வேகச் சோதனைக்காக இறக்கையை முன்னால் கொண்டு வந்தார்கள். எரிபொருள் மாற்றம் நடக்கவில்லை. மூக்கு தூக்கிக்கொண்டது, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. உள்ளே இருந்த மூன்று பேரோடு தப்பிக்கும் கூடு தனியாகப் பிரிந்தது. ஆனால் பாராசூட்டில் ஒரு கோளாறு, கூடு மூக்குக் குத்தித் தரையில் மோதியது. ராக்வெல் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி டக் பெனிஃபீல்ட் இறந்துபோனார், மற்ற இருவருக்கும் பலத்த காயம். விமானத்தின் வடிவத்திலோ எஞ்சினிலோ குறை இல்லை. வரிசையில் ஒரு படி விட்டுப்போனது.

இதையே 1935-இல் பார். அக்டோபர் 30, ஒஹையோவின் ரைட் ஃபீல்ட். போயிங்கின் மாடல் 299, பின்னால் பி-17 ஆகப்போகிற விமானம். ஆகஸ்டில்தான் சியாட்டிலிலிருந்து டேட்டன் வரைக்கும் 2,000 மைலுக்கு மேல் நிற்காமல் பறந்து வந்து எல்லாரையும் வாயடைக்க வைத்திருந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதியின் அசையும் பலகைகளைப் பூட்டி வைப்பார்கள். அன்றைக்கு அந்தப் பூட்டைத் திறக்காமலே ஓடுதளத்தில் ஓட்டினார்கள். மேலே ஏறியது, மூக்கு செங்குத்தாக நிமிர்ந்தது, விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் ப்ளோயர் ஹில் இறந்தார். போயிங் விமானி லெஸ்லி டவரும் பிறகு காயங்களால் இறந்தார். யூட்டாவில் இருக்கிற ஹில் விமானப்படைத் தளம் அந்த மேஜரின் பெயர்தான்.

ராணுவம் பயந்துபோய் சின்னதும் மலிவானதுமான டக்ளஸ் பி-18-ஐ 133 வாங்கியது. போயிங்குக்குக் கிடைத்தது 13, அதுவும் பயன்பாட்டுச் சோதனைக்கு மட்டும். ஒய்1பி-17 என்று பெயர். அதில் ஒன்றை ரைட் ஃபீல்டில் வைத்துக்கொண்டு மற்ற 12-ஐயும் 1937-இல் வர்ஜீனியாவின் லாங்லி ஃபீல்டுக்கு, 2-ஆம் குண்டுவீச்சுக் குழுவுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் ஸ்குவாட்ரன்களில் ஒன்றுதான் 49.

கழுகுக்கண்

அந்த 49-தானா இது! அப்போதே அது சோதனை ஸ்குவாட்ரனா?

எட்டு எஞ்சின்

பெயரில் இல்லை. வேலையில் ஆமாம் என்றுதான் சொல்வேன்.

அதற்கு முன்னாலேயே, 1922 முதல் 1928 தொடக்கம் வரைக்கும் 49 இருந்த இடம் மேரிலாந்தின் அபர்டீன். ராணுவம் பீரங்கியையும் குண்டையும் வெடித்துப் பார்க்கிற சோதனைத் திடல் அது. அதிலிருந்து லாங்லி போனார்கள். பத்து வருஷத்தில் பி-17 வந்தது.

அந்த 12 விமானங்களின் நிலைமையை யோசியுங்கள். ரைட் ஃபீல்டில் இருந்த ஒன்றை விட்டால் நாட்டில் மொத்தமே அவ்வளவுதான். முதல் ஒய்1பி-17 சியாட்டிலில் 1936 டிசம்பர் 2-ஆம் தேதி பறந்தது, ஐந்தே நாளில், 7-ஆம் தேதி, பிரேக் இறுகிப்போய் தரையிறங்கும்போது மூக்குக் குத்தியது. இன்னொரு பெரிய விபத்து நடந்தால் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் என்ற யோசனைக்கே முழுக்குப் போட்டிருப்பார்கள். குழுவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் ஓல்ட்ஸ் இதை நன்றாக உணர்ந்தவர். (வியட்நாமில் பேர் வாங்கிய ராபின் ஓல்ட்ஸின் அப்பா. பையன் வளர்ந்ததே லாங்லியில், இந்த விமானங்களைப் பார்த்துத்தான்.) ஹில்லின் விபத்துக்குப் பிறகு விமானிகள் உட்கார்ந்து எழுதியதுதான் சரிபார்ப்புப் பட்டியல்: எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், மேலே ஏறுவதற்கு முன், இறங்குவதற்கு முன் என்று ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுப் படித்து டிக் அடிக்கிற தாள். இன்றைக்கு சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற ஏடிஆர் விமானத்தில்கூட அந்தத் தாள் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு லாங்லி ஆட்கள் பெரிய விபத்து இல்லாமல் அந்தப் பன்னிரண்டையும் கண்ட வானிலையிலும் ஓட்டிக் காட்டினார்கள்.

ஒரு தடவை ஒரு ஒய்1பி-17 இடிமேகத்துக்குள் மாட்டிக்கொண்டு சுழன்று விழுந்து, எப்படியோ மீண்டு வந்தது. இறக்கை வளைந்து, ரிவெட்டுகள் தெறித்திருந்தன. (ரிவெட் தம்பி, உன் இனம்தான்.) உள்ளே பதிவுக் கருவிகள் இருந்ததால் எவ்வளவு விசை தாங்கியது என்று தெரிந்துவிட்டது. தரையில் வைத்து உடைத்துப் பார்க்கவென்று கட்டிய பதினாலாவது விமானத்தை இனி உடைக்கத் தேவையில்லை என்று முடிவு செய்து, அதற்கு டர்போசார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கருவி) பொருத்தினார்கள். மணிக்கு 256 மைல் போன விமானம் 311 மைல் போனது, அதுவும் இன்னும் உயரத்தில். முதலில் டர்போவை எஞ்சின் கூண்டின் மேல்பக்கம் வைத்தார்கள், காற்றோட்டம் கெட்டு விமானம் நடுங்கியது. கீழ்ப்பக்கம் மாற்றியதும் சரியாகிவிட்டது. போரில் பறந்த பி-17-களுக்கு அந்த ஏற்பாடுதான் நிலைத்தது.

வடக்குவீதி

பட்டியல் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் லாங்லி ஆட்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் சோதனையாளர்கள் மட்டும் இல்லை, நல்ல விளம்பரக்காரர்களும்கூட என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1938 மே 12, ரெக்ஸ் கப்பல் விவகாரம். மூன்று பி-17 விமானங்கள், 49-ஆம் ஸ்குவாட்ரன். முன்னால் போன விமானத்தில் மேஜர் கேலப் ஹேய்ன்ஸ், நேவிகேட்டர் (வழி கணிப்பவர்) இருக்கையில், பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜெனரலான லெப்டினன்ட் கர்டிஸ் லெமே. நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்த இத்தாலியப் பயணிக் கப்பல் ரெக்ஸை நடுக்கடலில் கண்டுபிடிக்க வேண்டும். மழை, மேகம், காற்று. லெமே 12:25-க்குக் கப்பல் தெரியும் என்று கணக்குப் போட்டார், அந்த நேரத்துக்கு மேகம் விலகி நேர் எதிரே கப்பல். கரையிலிருந்து 600 கடல் மைலுக்கும் மேல்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விமானத்துக்குள் என்பிசி வானொலி ஆள் உட்கார்ந்து நேரலை கொடுத்துக்கொண்டிருக்கிறார், பத்திரிகையாளர் வேறு இருக்கிறார், படம் எடுக்க ஜார்ஜ் காடர்ட் இருக்கிறார், கப்பல் கம்பெனியிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள், கப்பல் தன் இருப்பிடத்தையும் சொல்லியிருந்தது. எதிரிக் கப்பல் இப்படிச் சொல்லுமா? கடற்படையை வம்புக்கு இழுக்கவும் காங்கிரஸிடம் காசு கேட்கவும் செய்த வேலை இது. கடற்படை கடுப்பாகி, விமானப் படையினர் இனிமேல் கரையிலிருந்து 100 மைலுக்கு அப்பால் போகக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு வந்ததும் அதனால்தான்.

எட்டு எஞ்சின்

வடக்குவீதி சார், விளம்பரம் என்பது உண்மை, அதை ஏற்பாடு செய்தவர்களே மறைக்கவில்லை. ஆனால் விளம்பரமும் சோதனையும் ஒரே பறப்பில் நடக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. ஜிபிஎஸ் இல்லை, கடலுக்கு மேல் எந்த அடையாளமும் இல்லை, மேகத்தில் சூரியனும் தெரியவில்லை. கப்பல் சொன்ன இடம் பழையது, அதற்கு அப்புறம் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. வேகம், திசை, காற்று மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு 600 மைல் தள்ளி ஒரு புள்ளிக்குப் போய்ச் சேர முடியுமா என்பது அன்றைக்கு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத விஷயம். விமானம் அவ்வளவு தூரம் போகும் என்று தொழிற்சாலை சொல்லிவிடும். குழு அங்கே போய்ச் சேருமா என்று தொழிற்சாலையால் சொல்ல முடியாது.

அதற்கு முந்தைய வருஷம் ஆகஸ்டில் கலிஃபோர்னியாவுக்கு வெளியே யூட்டா என்ற பழைய போர்க்கப்பலைத் தேடிய பயிற்சியையும் சேர்த்துப் பாருங்கள். லெமே பிற்காலத்தில் சொன்னபடி, கடற்படை கொடுத்த இருப்பிடத்தில் ஒரு டிகிரி பிசகு, அதாவது ஏறக்குறைய 60 மைல். மறுநாள் மூடுபனிக்குள் கண்டுபிடித்து, தண்ணீர் நிரப்பிய குண்டுகளைப் போட்டார்கள். அதற்கு வானொலி ஆள் யாரும் வரவில்லை. அதன் முடிவைக்கூட வெளியே விடாமல் அமுக்கிவிட்டார்கள். 1938 பிப்ரவரியில் ஆறு விமானங்களை ப்யூனஸ் அயர்ஸ் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பியதும் இதே குழு.

அப்புறம் எக்ஸ்பி-15 என்று ஒரு பூதம் இருந்தது. மொத்தமே ஒன்றுதான் கட்டினார்கள். இறக்கைக்குள் வழி இருக்கும், பறக்கும்போதே மெக்கானிக் உள்ளே போய் எஞ்சினைப் பார்க்கலாம், குழு தூங்கப் படுக்கை உண்டு. எஞ்சினுக்குத்தான் அந்த உடம்பைத் தூக்குகிற சக்தி இல்லை. குண்டுவீச்சு விமானமாக அது தேறவில்லை. ஆனால் 49-ஆம் ஸ்குவாட்ரன் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1939 ஜனவரியில் சிலியில் பெரிய நிலநடுக்கம், பிப்ரவரியில் ஹேய்ன்ஸ் அதில் ஏறக்குறைய ஒன்றரை டன் மருந்துப் பொருள்களை ஏற்றிக்கொண்டு சான்டியாகோ போனார். அதன் இறக்கை வடிவம் பிறகு போயிங் 314 கடல் விமானத்துக்குப் போனது. தோற்ற விமானத்திலிருந்தும் எதையாவது கறக்கத் தெரிந்தவன்தான் நல்ல சோதனைக்காரன் என்பது என் கருத்து.

தேநீர்க்கடை

சரி சரி, கதை நன்றாகத்தான் இருக்கிறது, உட்கார்ந்து படித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். 1937-இல் இருந்த 49-உம் இப்போது பார்க்ஸ்டேலில் இருக்கிற 49-உம் ஒரே ஸ்குவாட்ரன் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நடுவில் மூடியிருப்பார்களே. ஒரு எண்ணையும் கொடியையும் எடுத்து இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு நீதான் லெமேயின் வாரிசு என்றால் ஆயிற்றா?

எட்டு எஞ்சின்

மூடினார்கள். போரில் வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் பி-17-உடன் போனார்கள். 1944 பிப்ரவரி 24, 25 இரண்டு நாளும் ஸ்டெயர், ரீகன்ஸ்பர்க் தாக்குதல்களுக்காக 2-ஆம் குழுவுக்குச் சிறப்பு விருது கிடைத்தது, அதற்குக் கொடுத்த விலை ரொம்பப் பெரியது. போருக்குப் பின் பி-29, பி-50, ஜார்ஜியாவின் ஹன்டர் தளத்தில் பி-47. 1963-இல் மூடிவிட்டார்கள். 1986-இல் பார்க்ஸ்டேலில் 49-ஆம் டெஸ்ட் ஸ்குவாட்ரன் என்று மறுபடி திறந்தார்கள். இடையில் 23 வருஷம். ஒரு ஆள்கூடத் தொடர்ச்சி இல்லை.

அதனால் எண் மட்டும்தான் வந்தது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எண்ணோடு பாரம்பரியம் ரத்தத்தில் ஓடிவருகிறது என்றெல்லாம் நான் சொல்லவில்லை, அது அவர்களுடைய நினைவுப் பலகையில் எழுதுகிற பேச்சு. நான் சொல்வது வேலை ஒன்று என்பதைத்தான்.

கயல்விழி

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். 49-ஆம் ஸ்குவாட்ரன்தான் அணு ஏவுகணைகளையும் ஏவிப் பார்க்கிறது என்று படித்தேன். அணுகுண்டை எப்படி ஏவிச் சோதிப்பார்கள்? வெடிக்க முடியாதே?

எட்டு எஞ்சின்

கயல்விழி, இந்த இழையில் முதலிலேயே வந்திருக்க வேண்டிய கேள்வி.

பி-52-இன் அணு ஏவுகணை ஏஜிஎம்-86பி. இறக்கைகளின் அடியில் பன்னிரண்டு, வயிற்றுக்குள் சுழலும் ஏவியில் எட்டு, ஆக ஒரு விமானத்துக்கு 20. பயன்பாட்டுக்கு வந்தது 1982-இல். வடிவமைத்தபோது பத்து வருஷம் தாங்கினால் போதும் என்றுதான் நினைத்தார்கள். நாற்பது வருஷம் தாண்டியும் இன்னும் இருக்கிறது. அலமாரியில் கிடக்கிற மின்சுற்று, ரப்பர் வளையம், சின்ன ஜெட் எஞ்சின் எல்லாம் கிழடு தட்டிப்போன பிறகு அது பறக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏவித்தான் பார்க்க வேண்டும்.

கிடங்கில் இருப்பதிலிருந்து எதேச்சையாக ஒன்றை எடுப்பார்கள். தேர்ந்தெடுத்துப் பளபளப்பாக்கியது இல்லை என்பது முக்கியம். அணு வெடிமுனையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அளவிட்டு அனுப்பும் டெலிமெட்ரி பெட்டியை வைப்பார்கள். பிறகு அதை ஏற்றுவது, பூட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் வழக்கமான தரைப் பணியாளர்கள், பறப்பதும் பார்க்ஸ்டேலிலோ மைனாட்டிலோ இருக்கிற வழக்கமான குழு. யூட்டா பாலைவனத்துச் சோதனைப் பகுதிக்கு மேல் ஏவுவார்கள். பின்னாலேயே விமானங்கள் துரத்திக்கொண்டு போகும், பாதை தப்பினால் அழித்துவிட ஏற்பாடு உண்டு. கிடங்கிலிருந்து எடுத்த நேரத்திலிருந்து இலக்கு வரைக்கும் எங்கே என்ன பிசகியது என்று பார்த்து மதிப்பிடுவது 49.

அவர்கள் சோதிப்பது ஏவுகணையை மட்டும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பிணைப்புக் கம்பியைத் தலைகீழாகச் செருகிய ஆள், தவறான பக்கத்தைப் படித்த அதிகாரி, இதெல்லாமும் அந்தச் சோதனையில்தான் மாட்டும். அமெரிக்கா 1992-க்கு அப்புறம் அணு வெடிப்புச் சோதனை செய்வதில்லை, அதனால் இந்த ஏவல்கள்தான் அவர்களுக்குக் கிடைக்கிற நிஜமான ஆதாரம். அந்த ஆயுதம் பிடிக்காதவர்களும் (நானும் அந்தக் கட்சி) இந்த நடைமுறையின் கறார்த்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

ரிவெட்

இது நியாயமான வாதம். கூடவே நானும் ஒரு எண் தருகிறேன். 1991 ஜனவரியில் வளைகுடாப் போரின் முதல் பறப்பு, பார்க்ஸ்டேலிலிருந்து கிளம்பிய ஏழு பி-52ஜி. இதே ஏஜிஎம்-86-ஐ அணு இல்லாத சாதாரண வெடிமருந்துக்கு மாற்றிய ரகசிய ஏவுகணை. 39 கொண்டுபோனார்கள், 35-தான் ஏவினார்கள். மற்ற நான்கும் சுயபரிசோதனையில் தேறவில்லை என்பதால் ஏவாமலே திரும்பக் கொண்டுவந்தார்கள். 35 மணி நேரத்துக்கு மேல் விமானத்துக்குள்ளேயே. ஏவுகணை இருப்பதே ஒரு வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும். பத்தில் ஒன்று மக்கர் பண்ணும் என்று தெரிந்தால் எத்தனை கூடுதலாகக் கொண்டுபோவது என்று திட்டம் போடுகிறவனுக்குத் தெரியும். அந்த விகிதத்தைச் சொல்வது சோதனை ஸ்குவாட்ரன் வேலை என்றால், சரி, பெரிய வேலைதான்.

ஆனாலும் இனி வரப்போவது எல்லாம் எட்வர்ட்ஸ் பக்கம்தான் என்று சொல்வேன். புது குண்டுவீச்சு விமானமான பி-21, 2023 நவம்பர் 10-ஆம் தேதி பாம்டேலிலிருந்து பறந்து எட்வர்ட்ஸில் இறங்கியது. அதற்காகவே 420-ஆம் ஸ்குவாட்ரனை 2019-இல் மறுபடி உயிர்ப்பித்தார்கள். பழைய பி-2 சோதனை ஸ்குவாட்ரன் அது. புது ரேடார் பொருத்திய முதல் பி-52-உம் 2025 டிசம்பரில் அங்கேதான் போய் இறங்கியது.

கழுகுக்கண்

புது எஞ்சின் விஷயமும் உண்டே? எட்டுக்குப் பதில் பெரிதாக நாலு வைத்தால் போதாதா என்று ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன். அதையும் 49 சோதிக்குமா?

எட்டு எஞ்சின்

ரோல்ஸ்-ராய்ஸ் எஃப்130, 2021 செப்டம்பரில் தேர்வானது. 76 விமானம், எட்டெட்டாக 608 எஞ்சின், உதிரிக்கும் சேர்த்து அதற்கு மேல்.

நாலு பெரிய எஞ்சின் வைக்கலாம் என்று பல வருஷமாக யோசித்துப் பார்த்தவர்கள் உண்டு. இரண்டு சிக்கல். பெரிய எஞ்சினின் குறுக்களவு அதிகம், பி-52-இன் இறக்கை தரையில் நிற்கும்போது முனை நன்றாகத் தாழ்ந்திருக்கும், வெளிப்பக்க எஞ்சின் தரையை உரசிவிடும். இன்னொன்று, வெளிப்பக்கத்தில் ஒன்று நின்றுபோனால் மொத்த உந்துவிசையில் கால்வாசி ஒரே பக்கத்தில் போய்விடும், விமானம் இழுக்கிற இழுப்பைச் சமாளிக்க இப்போதிருக்கிற சுக்கான் (வாலில் திசை திருப்பும் பலகை) போதாது. சுக்கானை மாற்றினால் வால் முழுக்க மாற்ற வேண்டும். அதனால் எட்டுக்கு எட்டு.

சோதிப்பது முதலில் எட்வர்ட்ஸ், ரிவெட் தம்பிக்குச் சந்தோஷம். எஞ்சின் ஆகாயத்தில் அணைந்தால் மறுபடி பற்றுகிறதா, இறக்கை எப்படி அதிர்கிறது என்பதெல்லாம் அங்கேதான். அப்புறம் 49-இடம் வரும். இப்போதிருக்கிற டிஎஃப்33 எஞ்சினைக் கிளப்ப வெளியிலிருந்து காற்று கொடுக்கிற வண்டி வேண்டும், அவசரத்துக்கு வெடிமருந்துத் தோட்டா வைத்துக் கிளப்புவார்கள். புது எஞ்சினில் டிஜிட்டல் கட்டுப்பாடு, எரிபொருள் செலவு குறைவு. அப்படியானால் எவ்வளவு தூரத்துக்கு ஒரு முறை வானில் எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானம் வேண்டும், அவசர அழைப்பு வந்தால் எத்தனை நிமிஷத்தில் எட்டும் ஓடும், ஒன்று நின்றால் மற்ற ஏழையும் எங்கே வைப்பது? இப்போது அவர்கள் கையில் இருக்கிற புத்தகம் முழுக்க டிஎஃப்33-க்கு எழுதியது. அதைப் பக்கம் பக்கமாகத் திருப்பி எழுதவேண்டி வரும்.

தேநீர்க்கடை

அந்தப் புத்தகம் எழுதுகிறவனுக்கு ஓவர்டைம் உண்டா என்று மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். எட்வர்ட்ஸ் வால் எழுத்து ஈ.டி.-தானே? இனிமேல் படம் பார்க்கும்போது நானும் வாலைப் பார்க்கிறேன்.

ரிவெட்

ஆமாம், ஈ.டி.தான். ஆனால் பி-2 படத்தில் வாலைத் தேடி ஏமாறாதீர்கள், அதற்கு வாலே கிடையாது.